பல்லாவரத்தைக் கடந்து பேரங்காடிக்கு!

ஓர் இனத்தின் மொழி எங்கே சாகத் தொடங்குகின்றது? பள்ளியில் என்பார் சிலர். ஆட்சி மன்றத்தில் என்பார் சிலர். வழக்கு மன்றத்தில் என்பாரும் உளர். இம்மூன்றும் உண்மையே. ஆயினும் நான்காவதாக ஓரிடம் உண்டு. அதனை நம் இயக்கத்தார் இதுகாறும் ஏறெடுத்தும் பார்த்திலர். அது குழந்தை சிரித்து மகிழும் இடம். எந்த மொழி சூழ்ந்து நிற்க ஒரு குழந்தை மகிழ்ச்சியைக் கண்டடைகின்றதோ, அந்த மொழியே அதன் உள்ளத்தில் உயர்ந்த மொழியாய் ஏறி அமர்கின்றது. அந்த மகிழ்ச்சிக் களத்தில் எந்த மொழிக்கு இடமில்லையோ, அது வீட்டு மூலையில் மடித்து வைத்த பழந்துணியாய் அதன் கண்ணுக்குத் தோன்றிவிடுகின்றது. இவ்வுண்மையை யான் எந்த நூலிலும் கற்றேனல்லேன். தொடர்வண்டியில் என் அருகமர்ந்து வந்த ஏழு அகவைப் பேர்த்தி ஒருத்தியிடமிருந்து கற்றேன்.

உலைக்களமும் ஓய்வுநாளும்

'ஸ்ரீ' என்னும் வேற்றெழுத்தைத் தலையிற் சுமந்து அரசுப் பலகைகளில் நிற்கும் திருப்பெரும்புதூரை அன்பர்கள் நன்கறிவர். இராமானுசர் 1017ஆம் ஆண்டிற் பிறந்த ஊரென மரபு போற்றும் அவ்வூர், இன்று உலகப் பெருமுதலாளிகளின் உலைக்களமாகி நிற்கின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நாட்டு ஊண்டாய் நிறுவனம் மகிழுந்துகளைச் செய்துவருகின்றது. 2006இல் கைப்பேசி செய்யத் தொடங்கிய பின்லாந்து நாட்டு நோக்கியா ஆலை, 2014 நவம்பர் முதல் நாளிற் கதவடைத்து ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தியது. 2007இல் சுங்குவார்சத்திரத்தருகே சாம்சங்கு, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் என ஆலைமேல் ஆலை எழுந்தது. 2024 ஆகத்துத் திங்களில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பைத் தமிழ்நாட்டரசு திறந்துவைத்தது. ஒரு சிறு நகரின் மக்கள்தொகையே ஒரு வளாகத்தில் உறங்கி எழுகின்றது என்க.

இத்துணைப் பேரும் கிழமைக்கு ஆறு நாள் பொறியோடு பொறியாய் இயங்குகின்றனர். எஞ்சுவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையிற் செங்கொடி ஏற்றி, இந்நாட்டின் முதல் உழைப்பாளர் நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர் போன்றோரின் உழைப்பால் விளைந்தது அது. 2023 ஏப்பிரல் 21இல், பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிதிறக்கும் சட்டவரைவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிலாளர் கொதித்தெழுந்தனர்; பத்தே நாளில், மே முதல் நாளன்று, அவ்வரைவு திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. 2024இல் சாம்சங்கு ஆலைத் தொழிலாளர் தம் சங்கவுரிமைக்காக ஒரு திங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தஞ் செய்தனர். இவ்வளவு பாடுபட்டு ஈட்டிய ஓய்வுநாள் எங்கே போய்ச் சேர்கின்றது? அதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வண்டியிற் படித்த குழந்தை

என் தமக்கை மகன் ஒரகடத்தில் ஓர் உதிரிப்பொருள் ஆலையில் வேலை செய்கின்றான், குடியிருப்பது படப்பையில். சென்ற கோடையில் ஒருநாள் தன் துணைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்னையிலுள்ள பேரங்காடி ஒன்றிற்குச் செல்லத் திட்டமிட்டான். இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே அவ்வீட்டில் அதே பேச்சு. எந்த மணிக்குப் புறப்படுவது, குழந்தை விளையாடும் தளத்திற்கு எவ்வளவு ஒதுக்குவது, படம் பார்ப்பதா வேண்டாவா, உணவை அங்கேயே முடித்துக்கொள்வதா, கையிற் கட்டுச்சோறு கொண்டு சென்றால் உள்ளே விடுவார்களா என்று கணக்குமேற் கணக்கு. பேர்த்தியின் வற்புறுத்தலால் யானும் உடன்சென்றேன்.

பேருந்தில் தாம்பரம்; அங்கிருந்து தொடர்வண்டி. குழந்தை பலகணியோரம் அமர்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய புதிது. கண்ணிற் பட்டதையெல்லாம் உரக்கப் படித்தாள். "குரோம்பேட்டை!" என்றாள். "பல்லாவரம்!" என்றாள். "திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை" என ஒவ்வொரு நிலையத்தையும் தானே கண்டுபிடித்த புதையல்போல் அறிவித்து வந்தாள். வண்டியிலிருந்தோர் புன்முறுவல் பூத்தனர். ஒரு முதியவர் "இன்னொரு முறை சொல் அம்மா" என்று கேட்டு மகிழ்ந்தார்.

பேரங்காடிக்குள் நுழைந்தோம். குளிர்காற்று, பளிங்குத்தரை, நகரும் படிக்கட்டு, ஐந்தடுக்கு விளக்கொளி. குழந்தை வாய்பிளந்து நின்றாள். பிறகு பழக்கம்போல் பலகைகளை நோக்கினாள், ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. அரைமணி நேரங் கழித்து என் கையைப் பற்றி இழுத்து, "தாத்தா, இங்கே தமிழ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். குறை கூறுங் குரலன்று அது. கழிப்பிடம் எங்கே, குடிநீர் எங்கே என்று கேட்பதுபோல், ஏதோ ஒரு மூலையில் இருக்கத்தான் வேண்டும் என்னும் நம்பிக்கையோடு கேட்டாள். யானும் தேடினேன். தீயணைப்பு அறிவிப்பொன்றின் அடிவரியில் இருந்தது. காட்டினேன். படித்தாள். அதற்குமேல் அன்று அவள் எதனையும் உரக்கப் படித்திலள். விளையாட்டுத் தளத்தில் நின்ற இளைஞன் அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். அவள் தாயின் பின்னே ஒளிந்துகொண்டாள். அவ்விளைஞனும் தமிழனே என்பது, சற்றுப்பின் அவன் தன் தோழனிடம் பேசியபோது தெரிந்தது.

அன்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுவணரசின் மொழிக்கொள்கையை நாம் நாள்தோறும் கண்டித்து வருகின்றோம், கண்டிக்கவும் வேண்டும். ஆயினும் அந்த நடுவணரசின் தொடர்வண்டித் துறை, தமிழ்நாட்டு நிலையப் பலகைகளில் தமிழைத் தலைவரியில் வைத்திருக்கின்றது. போராடிப் பெற்ற பயன் அது. ஆனால் நம் நிலத்தில், நம் தண்ணீரைக் குடித்து, நம் பணத்தைப் பெட்டியிற் கொட்டிக்கொள்ளும் பேரங்காடி, நம் குழந்தை படித்தறிய ஒரு சொல்லையும் தாராது நிற்கின்றது. தில்லிக்குத் தெரிந்த மதிப்பு அண்ணாசாலை வணிகனுக்குத் தெரிந்திலதே! இதனினுங் கீழ்மை வேறுண்டோ?

மருகன் சொன்ன மறுமொழி

திரும்புகையில் என் மனக்குறையைத் தமக்கை மகனிடம் கொட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் எங்களை வேறு எங்கே போகச் சொல்கிறீர்கள்? இந்தக் கோடை வெயிலில் குழந்தை ஓடியாட நிழல் எங்கே இருக்கிறது? உங்கள் மருமகள் கூச்சமின்றிப் போய்வரத் தூய்மையான கழிப்பிடம் எந்தப் பூங்காவில் இருக்கிறது? அங்கே வாயிலில் யாரும் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்பதில்லை. உங்கள் இயக்கக் கூட்டத்திற்கு இவளை அழைத்துவந்தால் மூன்று மணிநேரம் நாற்காலியில் அசையாமல் உட்காரச் சொல்வீர்கள்."

இம்மறுமொழி என்னைச் சுட்டது. சுட்டதனாலேயே அதனை இங்கு மறையாது எழுதுகின்றேன். பேரங்காடிக்குச் செல்லுந் தமிழனைப் பகட்டுக்காரன் என்றும் மானங்கெட்டவன் என்றும் ஏசித் தீர்ப்பது எளிது. அவ்வாறு ஏசும் கட்டுரைகளை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். ஆறுநாள் உழைத்த கால்கள் குளிர்ந்த தரையைத் தேடுவது குற்றமாகாது. ஒரகடத்துச் சாலைகள் சுமையுந்துகளுக்காக அகலமாக்கப்பட்டன. அச்சாலைகளின் ஓரத்தில் உழைப்பாளியின் குழந்தைக்கென அகலமாக்கப்பட்ட பூங்கா எத்தனை? ஆலைக்கு நிலந்தேடித் தருகின்ற அரசு, அவ்வாலைத் தொழிலாளியின் ஓய்வுநாளுக்கென எத்தனைக் காணி ஒதுக்கியது? பொதுவெளி இல்லாத இடத்தில் வணிகன் பொய்வெளி ஒன்றைப் படைத்து விற்கின்றான். வாங்குவோன்மேற் பழிசொல்லிப் பயனில்லை.

இப்பொய்வெளியின் பிறப்பையும் அன்பர்கள் அறிதல் நன்று. மேற்கூரையால் முழுதும் மூடிய பேரங்காடி என்னும் அமைப்பு, 1956இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சௌத்துடேல் என்னும் பெயரில் தோன்றியது. அதனை வடிவமைத்தவர் விக்தர் குரூயன் என்னும் கட்டடக்கலைஞர். ஆத்திரிய நாட்டு வியன்னாவிற் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்றவர். தம் ஊரில் மக்கள் கூடிப் பேசி உலவிய பொதுவெளியைப் புதிய நாட்டில் உண்டாக்கவே அவர் விரும்பினார். விளைந்ததோ வேறு. பலகணியின்மையாற் பொழுது தெரிவதில்லை. உணவும் திரைப்படமும் மேல்தளத்தில் இருத்தலின் கடைகளையெல்லாம் கடந்தே ஏறவேண்டும். விளையாட்டுத் தளத்திற் காசுக்குப் பதில் அட்டை. அட்டையில் எஞ்சிய தொகை அடுத்த வருகைக்குத் தூண்டில். இவற்றைக் கண்டு மனங்கசந்த குரூயன், தம் வழிவந்த அங்காடிகளுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று தம் முதுமையில் உதறிவிட்டார். படைத்தவனே கைவிட்ட பிள்ளையை நாம் தோளிற் சுமந்து திரிகின்றோம்.

அங்காடி தமிழனுக்குப் புதியதா?

'நாகரிகம் வளர்கையில் இவையெல்லாம் இயல்பு. பெரிய அங்காடி என்றால் ஆங்கிலந்தான் பொருந்தும்' என்பார்க்கு ஒன்று கூறுவோம். பெருநகர் அங்காடி என்பது தமிழனுக்கு நேற்று வந்ததன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளால் ஆயது. அதில் பகலில் இயங்கும் நாளங்காடியும் இரவில் இயங்கும் அல்லங்காடியும் விரித்துரைக்கப்படுகின்றன. கடைகள்தோறுங் கொடிகள் பறந்தன. எழுத்தறியானும் கொடியைக் கண்டு இன்னது இங்குண்டு என அறிந்துகொள்ளத்தக்க ஏற்பாடு அது. வருவோன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அற்றை வணிகனின் முதற் கவலை. வந்தோன் அறியாது மலைத்து நிற்க வேண்டும் என்பதே இற்றை வணிகனின் கவலைபோலும்!

பட்டினப்பாலையோ, புகார்த் துறைமுகத்தில் மொழி பல பெருகிய வேற்று நாட்டார் கலந்தினிது உறைந்த செய்தியைக் கூறுகின்றது. ஆகலின் அங்காடியிற் பிறமொழி ஒலித்தல் கூடாது என்பது நம் வழக்கன்று. ஒலிக்கட்டும்! வடபுலத்திலிருந்து வயிற்றுப்பாட்டிற்காக வந்து ஒரகடத்துப் பொருத்துவரிசையில் நிற்குந் தொழிலாளியிடம் நமக்குப் பகையில்லை. அவனும் நம் மருகனைப்போல் ஒரு நாள் நிழல் தேடுபவனே. விருந்தினர் பலர் வந்த வீட்டில் வீட்டுக்காரி மட்டும் வெளித்திண்ணையில் நிற்கின்றாளே, அதைத்தான் வினவுகின்றோம்.

சென்னைக்கு ஆங்கிலப் பெருங்கடை வந்த கதையையும் நோக்குக. இசுபென்சர் என்னும் வெள்ளையர் கடை 1860களிலே தோன்றியது. 1983இல் தீக்கிரையான அதன் பழங்கட்டடம் இருந்த இடத்தில், 1990களில் புதிய வளாகம் எழுந்தது. 2006இல் மயிலாப்பூரில் ஒன்று, 2010இல் இராயப்பேட்டையில் எக்சுபிரசு அவென்யூ, 2013இல் வேளச்சேரியிற் பீனிக்சு, 2018இல் அண்ணாநகர்ப் பகுதியில் ஒன்று என வளாகங்கள் பெருகின. வெள்ளையன் தன் கடைக்குத் தன் மொழிப்பெயர் வைத்தான்; அதில் வியப்பில்லை. வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தபின்னும் நம்மவன் தன் வளாகத்திற்கு அவன் மொழியிலேயே பெயர் தேடுகின்றானே, அதுவே வியப்பு!

கொரியன் வைத்த பெயர்

'உலக வணிகத்திற்குத் தமிழ்ப்பெயர் ஒவ்வாது' என்று நம் முதலாளிகள் கூறுவர். அவர்களைத் திருப்பெரும்புதூருக்கே அழைப்போம். சாம்சங்கு என்பது என்ன மொழி? கொரிய மொழி. பொருள்? 'மூன்று விண்மீன்'. ஊண்டாய் என்பதும் கொரியச் சொல்லே. 'இக்காலம்' என்பது அதன் பொருள். நிசான் என்பது, 'நிப்பான் தொழில்' எனப் பொருள்தரும் சப்பானியத் தொடரின் சுருக்கம். நோக்கியா என்பது பின்லாந்து நாட்டு ஊர் ஒன்றின் பெயர்; நம் வாலாசாபாத்தைப் போன்றதோர் ஊரென்று கொள்க. இவர்களுள் எவரேனும், 'எம் மொழிப்பெயர் உலகிற் செல்லாது' என்று அஞ்சி ஆங்கிலத்திற்கு ஓடினரா? ஓடவில்லை. உலகம் அவர்தம் பெயரைத் தட்டுத்தடுமாறி ஒலிக்கக் கற்றது. ஒரகடத்துத் தமிழனும் கற்றான். மூன்று விண்மீன் என்னும் பெயரைக் கொரியன் தலைநிமிர்ந்து வைத்து உலகை ஆள்கின்றான். நம்மவன் முறுக்குக் கடைக்கும் ஆங்கிலப் பெயர் வைத்துத் தலைகுனிகின்றான்.

அக்கொரியர் 1446இல் செயோங் அரசன் வெளியிட்ட தம் எழுத்திற்கென ஒரு நாளை வகுத்து, ஆண்டுதோறும் அத்தோபர் 9ஆம் நாளை அரசு விடுமுறையாகக் கொண்டாடுகின்றனர். கனடாவின் கியூபெக்கு மாநிலத்தார், 1977இல் பிரெஞ்சு மொழிப் பட்டயச் சட்டத்தை இயற்றினர். 1993 முதல், வணிகப் பலகைகளிற் பிறமொழி இருப்பினும் பிரெஞ்சு மொழியே தெளிவாக மேலோங்கி நிற்கவேண்டும் என்பது அங்கு முறை. 2025 சூன் முதல் அம்முறை மேலும் இறுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலக் கடல் நாற்புறமுஞ் சூழ்ந்த அவர்களுக்கு இவ்வச்சமும் இவ்வுறுதியும் உண்டெனின், நமக்கு ஏன் இல்லை?

சட்டம் உண்டு, கேட்போர் இல்லை

சட்டமே இல்லையோ எனின், உண்டு. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் குறித்த 1948ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்கின்றது. பிறமொழிகளும் இடம்பெறின் தமிழ் முதலிடத்திற் பெரிதாக நிற்றல் வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று பங்கு, வேறுமொழி வேண்டின் அதற்கு இரண்டு பங்கு என்பது அரசு வகுத்த அளவு. உணவகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இத்தகைய விதிகள் தனித்தனியே உள. ஆண்டுக்கொருமுறை அமைச்சர் எவரேனும் இவ்விதியை நினைவூட்டி அறிக்கை விடுகின்றார், ஒரு கிழமை பேசப்படுகின்றது, பின் உறங்கிவிடுகின்றது. தெருவோரத் தேநீர்க் கடைக்காரன் பலகையை மாற்றிக்கொள்கின்றான். பளிங்கு வளாகத்துப் பெருங்கடையோ, கண்ணாடிக்குள் ஒளிரும் தன் ஆங்கிலப் பெயரை அணைப்பதேயில்லை. சட்டம் ஏழைக்கு இரும்பு, செல்வனுக்கு மெழுகு!

ஆங்கிலத்தை வெறுக்கின்றோமா?

'நீங்கள் ஆங்கிலத்தைப் பகைப்பவர்கள்' என்று சிலர் நம்மேற் குற்றஞ்சாட்டுவர். அவர்களுக்கு விடை, என் பேர்த்தி வண்டியிலிருந்து உரக்கப் படித்த மூன்றெழுத்துப் பலகைக்குப் பின்னே இருக்கின்றது. பல்லாவரம்! 1911 முதல் 1950இல் மறையும்வரை மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த அப்பெருமகனார், வேதாசலம் என்னுந் தம் பெயரை மறைமலை எனவும், ஞானசாகரம் என்னுந் தம் இதழை அறிவுக்கடல் எனவும் மாற்றித் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்டது 1916ஆம் ஆண்டில். அவர் ஆங்கிலம் அறியாதவரா? ஆங்கிலத்தில் இதழே நடத்தியவர். வடமொழி அறியாதவரா? சாகுந்தலத்தைத் தமிழிற் பெயர்த்தவர். இருமொழியையும் ஐயந்திரிபறக் கற்றவரே, தமிழ் தன் காலில் நிற்கும் என்று துணிந்து கூறினார். கற்கும் மொழி வேறு. களிக்கும் இடத்தில் தன்னைத் தானே இழக்குமாறு செய்யும் மொழி வேறு. முன்னதற்கு நாம் மாணவர். பின்னதற்கு அடிமையாக மாட்டோம்.

இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30இல், நிலவியலாளர் இராபர்ட்டு புரூசு பூட்டு, சரளைக் குழியொன்றிற் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வே அக்கல்லிலிருந்துதான் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அவர் தம் தோழர் கிங்கு என்பாருடன் அதிரம்பாக்கத்தையும் கண்டார். அங்குக் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழைமையன என்று 2011இல் வெளியான ஆய்வு உரைத்தது. இத்துணைப் பெருமையும் பொதிந்த ஊரை, ஓய்வுநாள் தோறும் ஆயிரமாயிரந் தமிழ்க் குடும்பங்கள் வண்டியிற் கடந்து பேரங்காடிக்குச் செல்கின்றன. கடந்து செல்கின்றவர் குற்றமா? 'இவ்வூரில் இன்னது உண்டு' என்று அவர்தம் குழந்தைக்கு ஒருமுறையேனும் சொல்லாத நம் குற்றமா? அன்றைக்கு அவ்வண்டியில் அவள் அருகிலேயே அமர்ந்திருந்த யானே சொல்லவில்லை. அவள் படித்ததைக் கேட்டுச் சிரித்தேன், அவ்வளவே.

ஒருநாள் செலவுக்கு ஒரு திட்டம்

ஆகலின் வெற்றுக் கண்டனத்தோடு நிற்காது, குடும்பத்தோடு ஒருநாள் போக்கத்தக்க திட்டத்தையும் கூறுவோம்.

அதே தாம்பரம் வண்டியில் ஏறுங்கள். பல்லாவரம் வரும்போது, கல்லெடுத்தவர் கதையையும் சொல்லெடுத்தவர் கதையையும் குழந்தைக்குச் சொல்லுங்கள். இறங்காது எழும்பூர் வரை செல்லுங்கள். அங்கு 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கின்றது. பூட்டு திரட்டிய தொல்பொருள்களை 1904இல் அது விலைக்கு வாங்கியது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அங்குள. மரநிழலும் உண்டு. வெள்ளிக்கிழமையன்றி ஞாயிறன்றும் திறந்திருக்கும். ஆதலின் உழைப்பாளிக்கு ஏற்றது.

அவ்வளவு தொலைவு வேண்டாவெனின், படப்பையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் எளிதில் எட்டும் குன்றத்தூர் இருக்கின்றது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த மண் அது. குன்றின்மேல் ஏறினாற் குழந்தைக்கு ஓட்டமும் ஆயிற்று. செம்பரம்பாக்கத்து ஏரிப்புறத்துக் காற்றும் ஆயிற்று. மேற்கே திரும்பினாற் காஞ்சி. அங்கே பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய கைலாயநாதர் கற்றளி. அதற்குத் தெற்கே உத்திரமேரூர்; பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு அங்குண்டு. கட்டுச்சோறு கொண்டு செல்லத் தடைசொல்வார் அங்கில்லை.

'அப்படியாயினும் குழந்தை பேரங்காடியையே கேட்கின்றாள்' எனின், செல்லுங்கள்; தடுக்கமாட்டோம். ஆனால் தமிழனாய்ச் செல்லுங்கள். வாயிற் காவலரிடம், கடைப் பணியாளரிடம், விளையாட்டுத் தளத்தாரிடம் தமிழிற் கேளுங்கள். தமிழில் விடைவரும்வரை புன்முறுவலோடு காத்திருங்கள். அவ்விளைஞரும் நம் பிள்ளைகளே. ஆங்கிலம் பேசுமாறு மேலாளரால் ஏவப்பட்டவர்களே. அவர்களைக் கடிந்துரையாதீர்கள். வளாகத்து அலுவலகத்திற்குச் சென்று, 'வழிகாட்டும் பலகைகள் தமிழில் ஏன் இல்லை?' என்று எழுதிக் கொடுங்கள். கடைப்பெயர் தமிழில் முதலிடம் பெறாவிடின், 15ஆம் விதியைக் குறித்துத் தொழிலாளர் துறைக்கு மடல் எழுதுங்கள். ஒருவர் எழுதினாற் குப்பைக்குப் போகும். ஊருக்குப் பத்துப்பேர் எழுதினால் கோப்பாகும். நூறுபேர் எழுதினால் ஆணையாகும். பலகையிற் கருமை பூசுவது ஒருநாட் செய்தி; மடல் எழுதுவதோ நெடுநாட் பணி. அந்நெடுநாட் பணிக்கு ஆள் வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. தொழிற்பேட்டைக்கென எடுத்த நிலத்தில், உழைப்பாளர் குடும்பத்திற்கென நிழலும் நீரும் தூய கழிப்பிடமும் குழந்தைகள் ஆடுகளமும் கொண்ட பூங்காவை, ஒரகடம், வல்லம், திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஒவ்வோரிடத்தும் அமைத்திடுக! அப்பூங்காவின் ஒவ்வொரு பலகையிலும், ஏழு அகவைக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவிற்குப் பெரிதாகத் தமிழை எழுதிவைத்திடுக!

இறுதியாக நமக்கு நாமே இடும் ஆணை ஒன்றுண்டு. இயக்கத்தாரே, நம் கூட்டங்களைக் குழந்தை வரத்தக்கனவாக மாற்றுவோம். மூன்று மணிநேரப் பொழிவை ஒரு மணியாகக் குறைப்போம். திங்களுக்கு ஒருமுறை, பத்துக் குடும்பங்களைச் சேர்த்துக் குன்றத்தூருக்கோ எழும்பூருக்கோ அழைத்துச் செல்வோம். ஆடட்டும், ஓடட்டும், சிரிக்கட்டும், அச்சிரிப்பினூடே தமிழ் ஒலிக்கட்டும். மகிழ்ச்சியை மாற்றானிடம் விட்டுவிட்டு மானத்தை மட்டும் நாம் வைத்துக்கொண்டால், மகிழ்ச்சி நாடும் குழந்தை மாற்றானிடமே போகும்.

அன்று திரும்புகையில் வண்டி பல்லாவரத்தில் நின்றபோது, என் பேர்த்தி தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பலகை வெளியே ஒளிர்ந்தது. எழுப்ப மனம் வரவில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு அவளை அவ்வண்டியிலேயே எழும்பூருக்கு அழைத்துச் செல்லத் தமக்கை மகனிடம் ஒப்புதல் பெற்றுவிட்டேன். இம்முறை அவள் 'பல்லாவரம்' என்று படிக்கையில், யான் வெறுமனே சிரித்துக்கொண்டிரேன்.

நீங்களும் உங்கள் வண்டியில், உங்கள் குழந்தையின் அருகில் அமருங்கள், சொல்லுங்கள், தமிழ் மகிழட்டும்! மகிழும் தமிழே நிலைக்கும்!